வீட்ல உட்காராத ஆன்ட்டி

மார்ச் 3

மதிப்பிற்குரிய மகளுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

"ஒழுங்கான தமிழ்ல எழுதத் தெரிஞ்சா எழுது, இல்லன்னா எனக்கு மெசேஜே அனுப்பாத" என்று போனில் கத்தினாய் அல்லவா? இதோ, எழுதுகிறேன். தாள், பேனா, உறை, தபால்தலை, எல்லாம் உன் அப்பாவை அனுப்பி வாங்கிவரச் சொன்னேன். இதில் ஒரு 'செம' கிடையாது. ஒரு சிரிக்கும் பொம்மை கிடையாது. படித்துப் பூரித்துப் போ.

கேள்வி ஒன்றுதான். என் பக்கத்தை ஏன் பூட்டினாய்?

காலை வகுப்புக்கு வந்த பெண் காரில் ஏறியதும் ஏறாததுமாக, "கிளட்ச் அக்கா, உங்க பேஜ் எங்க காணோம்?" என்றாள். போனை எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே காணோம். உன் அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீசார்ஜ் முடிஞ்சிருக்கும்" என்றார். அவருக்கு உலகத்தில் எது நின்றாலும் ரீசார்ஜ்தான் காரணம். அதற்குள் உன் மெசேஜ் வந்துவிட்டது. "நான்தான் க்ளோஸ் பண்ணேன்மா. செம கிரிஞ்சா இருக்கு. ப்ளீஸ் விட்டுடு."

பார்க்கக் கூசுகிறது என்று என்னைத் திட்டுவதற்கு உனக்கு அந்த இளசுகள் பாஷை வேண்டும். நான் வாயைத் திறந்தால் மட்டும் அது ஆகாதா? என்ன நியாயம்டி இது?

அந்தப் பக்கத்தை எனக்குத் தொடங்கிக் கொடுத்தவளே நீதான். காரின் கண்ணாடிக்குக் கீழே கேமராவை ஒட்டியதும் நீதான். "பாஸ்வேர்டு என்கிட்டயே இருக்கட்டும்மா, நீ மறந்துடுவ" என்றாய். பெற்ற பெண்தானே என்று விட்டேன். கார் என்னுடையது. பள்ளி என்னுடையது. வாய் என்னுடையது. சாவி மட்டும் உன்னிடம் இருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பெண்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் வாசலுக்கே வருகிறார்கள். எதிர்த் தெருவில் புதிதாகத் திறந்திருப்பவன் வெள்ளைக் கார் வைத்திருக்கிறான், குளிர்சாதன அறை வைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது என் பேச்சுதான்.

மரியாதையாகத் திறந்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற ஓட்டுநர் பயிற்சியாளர்


மார்ச் 9

அம்மாவுக்கு,

திறக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. வீட்டு விலாசத்துக்கு அனுப்பக் கூடாதா? வரவேற்பில் இருக்கும் பெண், கையால் எழுதிய உறையை ஏதோ வழக்கு நோட்டீஸ் மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

சரி, ஏன் பூட்டினேன் என்று கேட்டாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். விளம்பரக் கம்பெனியில் உட்கார்ந்து, போன் விற்கிறவர்களுக்கு வாசகம் எழுதுவது. திங்கட்கிழமை கூட்டத்தில் மேலாளர் பெரிய திரையில் ஒரு வீடியோ போட்டார். ரவுண்டானாவில் உன் கார். ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் நீ, "ப்ரோ, சில். லாரிக்காரன் உன் க்ரஷ் இல்ல, அவனையே பாக்காத. ரோட்டப் பாரு" என்கிறாய். அறையே சிரித்தது. "யாருப்பா இந்த ஆன்ட்டி?" என்று மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது முறை போட்டார். மூன்றாவது முறை போட்டபோது ஒருவன் உன்னை மாதிரியே பேசிக் காட்டினான்.

உன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறாய். இல்லை அம்மா. உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த வயதில் ஒருத்தி 'ப்ரோ' என்பதே அவர்களுக்கு வேடிக்கை. மற்றபடி நீ என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உனக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்கிறேன். உன் வீடியோக்களுக்குக் கீழே என்ன எழுதுகிறார்கள் என்று நீ நினைக்கிறாய்? எல்லாம் இதயமும் கைத்தட்டலும் என்றுதானே? அது நான் விட்டுவைத்தது. மிச்சத்தை ஒரு வருடமாக நான் அழித்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது, சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது. அழித்து அழித்து விரல் தேய்ந்துவிட்டது. வீடியோ உன் பேஜில் மட்டும் இருந்தவரை அழிப்பது என் கையில் இருந்தது. இப்போது அந்த வீடியோவை வெட்டி ஊரெல்லாம் போட்டுவிட்டார்கள். அங்கெல்லாம் போய் நான் எதை அழிப்பது? அதனால்தான் பூட்டினேன்.

உன் மானத்துக்குக் காவல் இருந்தவளிடம் வந்து சாவியைக் கொடு என்கிறாய். கோபித்துக்கொள். பரவாயில்லை.

மகள்


மார்ச் 14

மகளுக்கு,

ஒரு வருடமாகவா?

பூட்டியதற்கு வந்த கோபம் ஒன்றுமே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கவில்லை. என்னைப் பற்றி என்னிடமே நான்கு பேர் பேசியிருக்கிறார்கள், நடுவில் நீ புகுந்து அவர்கள் வாயையும் என் காதையும் பொத்தியிருக்கிறாய். உன்னை யார் கேட்டது?

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே என்னென்ன கத்தினார்கள் என்று உனக்குத் தெரியாது. சிக்னலில் நின்றால் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்குவான், திட்டுவதற்கென்றே இறக்குவான். பஸ் டிரைவர் ஒருவர் தினமும் ஹாரன் அடித்துவிட்டு, "அடுப்பங்கரைக்கு வழி அந்தப் பக்கம்" என்பார். நான் கண்ணாடியை ஏற்றவே மாட்டேன். கேட்டுக்கொண்டேதான் வண்டியை நகர்த்துவேன். அதே பஸ் டிரைவர் தன் மகளை என்னிடம்தான் கற்றுக்கொள்ள அனுப்பினார். வெட்கமே இல்லாமல் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

அப்படிப்பட்டவளைப் போன் திரையில் நாலு வரி கொன்றுவிடும் என்று பயந்தாயா?

'ப்ரோ' விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்றும் இளமை திரும்பவில்லை, பயப்படாதே. அந்த ரவுண்டானா பெண் எப்படிப்பட்டவள் தெரியுமா? வீட்டில் எல்லோரும் 'உன்னால முடியாது' என்று சொல்லியே வளர்த்த பெண். ரவுண்டானாவுக்கு வந்ததும் கை கால் விறைத்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம். நான் ஒழுங்கான தமிழில்தான் ஆரம்பித்தேன். "கிளட்சை மெதுவா விடும்மா, இடது பக்கம் பாரு, பதறாத." ஒன்றும் காதில் ஏறவில்லை. 'அம்மா' என்று நான் சொல்லச் சொல்ல அவளுக்கு அவள் வீட்டு அம்மா ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும், இன்னும் நடுங்கினாள். அவள் தன் சிநேகிதியிடம் போனில் எப்படிப் பேசுவாள் என்று கேட்டிருக்கிறேன். அதையே எடுத்துவிட்டேன். "ப்ரோ, சில்." சட்டென்று சிரித்துவிட்டாள். தோள் இறங்கியது. வண்டி நகர்ந்தது. அவ்வளவுதான். பயந்தவர்கள் காதில் புதிதாக எதுவும் ஏறாது. அவர்கள் வீட்டுச் சாமான் மாதிரி பழகிய வார்த்தைதான் ஏறும்.

என் மாணவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாஷை அது. யாரிடமும் திருடவில்லை.

நீ அழித்ததையெல்லாம் எனக்கு எழுதி அனுப்பு. ஒன்று விடாமல். எனக்கு வந்ததை நான் படிக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் மேலாளர், "யாருப்பா இந்த ஆன்ட்டி?" என்று கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லையே?

அம்மா


மார்ச் 19

அம்மாவுக்கு,

ஒன்றும் சொல்லவில்லை.

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டதாக நினைத்திருப்பாய். சொல்லாததற்கு நான் வெட்கப்படவில்லை. அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரில் பெரிய படிப்பு, பெரிய வீடு இல்லாமல் வந்து உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் எங்கே என்ன தப்பு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே போய், சிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் நடுவில் எழுந்து நின்று, 'அது என் அம்மா' என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளேன்.

நீ கேட்ட கமெண்ட்டுகள். உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்.

"இந்தக் கிழவிக்கு எதுக்கு இந்த வேலை."
"பூமர் ஆன்ட்டிக்கு இளமை ஊஞ்சலாடுது."
"பேரன் பேத்தி எடுக்குற வயசுல என்னா கெத்து காட்டுது பாரு."
"வீட்ல உட்காருங்க ஆன்ட்டி."

கடைசியில் இருப்பதுதான் அதிகம். விதவிதமாக, விதவிதமான பெயர்களில் வரும். மிச்சத்தை எழுத என் கை வரவில்லை. கெஞ்சினாலும் எழுத மாட்டேன்.

நடுவில் புகுந்துவிட்டேன் என்று திட்டியிருக்கிறாய். யார் யாரைச் சொல்வது? உன் காரில், பயிற்சியாளர் சீட்டில், உன் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த நாட்களில் அதை விட்டு உன் கால் என்றைக்காவது நகர்ந்ததா? நான் கிளட்சை விடுவதற்குள் மிதிப்பாய். நாய் குறுக்கே வரும் என்று மிதிப்பாய், நாயே இருக்காது. கடைசி நாள் கடைத்தெரு நடுவில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்து வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் 'சில் ப்ரோ'. எனக்கு மட்டும் பிரேக். அதனால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரியின் மகள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறாள். நான் உன்னிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். பிரியப்பட்டவர்கள் ஓட்டினால் நாம் பிரேக்கை மிதிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். உனக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வரும். போன்காரர்கள் பெரியவர்களுக்காகப் புதிதாக ஒரு போன் கொண்டுவருகிறார்கள். அதன் விளம்பரத்தில் உன்னை நடிக்கக் கேட்பார்கள். நீ காரில் உட்கார்ந்து இளசுகளின் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், பின்சீட்டில் நான்கு பேர் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அதுதான் கதை. கடைசியில், 'உங்களுக்கு இது போதும், ஆன்ட்டி' என்று சாதாரண போனை உன் கையில் கொடுப்பார்கள். கடிதத்தை எழுதச் சொன்னது என்னைத்தான். கையெழுத்து மேலாளருடையது. யாருக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

முடியாது என்று ஒரு வரி எழுதிவிடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். திரையில் பார்த்துச் சிரித்ததையே என்னால் தாங்க முடியவில்லை. நேரில் உன்னை உட்காரவைத்துச் சிரிப்பதை நான் நின்று பார்க்க மாட்டேன்.

மகள்


மார்ச் 25

மகளுக்கு,

கம்பெனிக் கடிதம் வந்தது. "தங்களின் இயல்பான நகைச்சுவை உணர்வு எங்களை வெகுவாகக் கவர்ந்தது." ஆஹா! உன் அப்பா படித்துவிட்டு, "எவ்ளோ மரியாதையா எழுதியிருக்காங்க பாரு" என்று உருகிப்போய்விட்டார். எழுதியது யார் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். ஏப்ரல் 2, காலையில்.

தலையில் அடித்துக்கொள்ளாதே, முழுதாகப் படி. நான் நடிப்பதற்கு வரவில்லை. எனக்கு எந்தப் போன் போதும் என்று எனக்கே சொல்கிறவர்களின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்து நான்கு வார்த்தை பேச வேண்டும். எந்தத் தமிழில் பேசுவேன் என்று இப்போது சொல்ல முடியாது. அங்கே எது வாயில் வருகிறதோ அது.

நீ என்னைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திரு. உன் வேலை, உன் பிழைப்பு, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உன்னைத் தெரியாத மாதிரி நடிக்க என்னால் ஆகாது. உன்னைப் பார்த்ததும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் உன் பாடு.

கமெண்ட்டுகளைக் காரில் வைத்து மாணவிகளோடு சேர்ந்து படித்தேன். முதல் இரண்டுக்கும் நெஞ்சு சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரவுண்டானா பெண் அழுதேவிட்டாள். கடைசி வரிக்கு வந்தபோது எனக்கு என்னவோ சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே பெயர்ப் பலகை எழுதுகிறவரிடம் போனேன். காரின் பின்கண்ணாடியில், எல் போர்டுக்குக் கீழே, இப்போது பெரிய எழுத்தில் இருக்கிறது: 'வீட்ல உட்காராத ஆன்ட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்'. எழுதி முடித்ததும் அவர் தன் மருமகளைச் சேர்த்துவிட்டுப் போனார். எதிர்த் தெரு வெள்ளைக் கார்க்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்தைத் திறந்தால் திற, திறக்காவிட்டால் போ. கார் தெருவில்தான் ஓடுகிறது. அதை உன்னால் பூட்ட முடியாது.

பிரேக் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இன்னும் பதில் யோசிக்கிறேன். வந்தபாடில்லை.

அம்மா


மார்ச் 30

அம்மா,

நீ 2ஆம் தேதி வர வேண்டியதில்லை. விளம்பரம் நின்றுவிட்டது. முதலில் உட்கார், பிறகு படி.

நேற்றுப் படப்பிடிப்புக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக மேலாளர் மறுபடியும் அதே வீடியோவைப் போட்டார். மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் உன்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் தோளை மட்டும் பார்த்தேன். நீ எழுதியிருந்தாயே, அது இறங்குவது தெரிகிறது. இத்தனை முறை பார்த்தும் நான் அதைக் கவனிக்கவே இல்லை. படப்பிடிப்புக்காரர் கேட்டார், "செம கேரக்டர் சார், எங்க புடிச்சீங்க இந்த அம்மாவ?"

"அது எங்க அம்மா" என்றேன்.

எழுந்து நின்றேனா, உட்கார்ந்தே சொன்னேனா, ஞாபகம் இல்லை. சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன்னை மாதிரிப் பேசிக் காட்டினானே, அவன் மேஜையைப் பார்த்தான். மேலாளர் மட்டும் அசரவில்லை. "அட, சொல்லவே இல்ல! இன்னும் சூப்பர். அம்மாவும் பொண்ணும் சேர்ந்தே நடிங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "சார், அவங்க பேசுறத வெச்சு ஒருத்தி ரவுண்டானா தாண்டிட்டா. நாம எழுதுறத வெச்சு யாரும் தெருவக்கூட தாண்டல. சிரிக்கிறதுக்கு ஆள் வேணும்னா வேற யாரையாவது பாருங்க. இத நான் எழுத மாட்டேன்" என்றேன். அந்தக் கதையைக் கைவிட்டுவிட்டார்கள். என்னையும் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு ஜன்னலோரம் உட்காரவைத்திருக்கிறார்கள், மின்விசிறிக் கம்பெனிக்கு வாசகம் எழுத. இன்னும் என்னவெல்லாம் வருமோ தெரியாது. வரட்டும். வரவேற்புப் பெண் போகும்போது என்னிடம் மெல்ல, "உங்கம்மா கிளாஸ்ல எடம் இருக்கா?" என்று கேட்டாள். நம் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லிவைத்தேன்.

நீ பேசுவது எனக்கு இன்னும் கூசத்தான் செய்கிறது. அதைப் பொய்யாக மாற்றிச் சொல்ல மாட்டேன். 'க்ரஷ்' என்று நீ சொல்லும்போது எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. பொத்திக்கொள்கிறேன், என் காதைத்தான். உன் வாயை இல்லை.

பக்கத்தைத் திறந்துவிட்டேன். பாஸ்வேர்டை அப்பாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பதிலுக்கு வழக்கம்போல் கும்பிடு பொம்மை போட்டிருக்கிறார். எனக்கு இனி அது தெரிய வேண்டாம், நீயே மாற்றிவிடு. எதையும் அழிக்க மாட்டேன். திறந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த வீடியோவுக்குக் கீழே எவனோ, "யாரு ப்ரோ இந்த ஆன்ட்டி?" என்று கேட்டிருந்தான். விரல் பழக்கத்தில் அழிக்கத்தான் போனது. நிறுத்திக்கொண்டேன். என் பெயரில், என் படத்தோடு, எல்லோரும் பார்க்கிற மாதிரி பதில் போட்டேன்.

"எங்க அம்மா, ப்ரோ."

மகள்


ஏப்ரல் 4

அடியே,

ஒழுங்கான தமிழ் இத்தோட முடிஞ்சது. கை வலிக்குது.

பார்த்தேன். ரவுண்டானாப் பொண்ணு வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு எனக்குக் காட்டினா. "என்னக்கா, அழறீங்களா?"ன்னா. ஆமாண்டி, அழறேன், உனக்கென்ன, கியரப் பாருன்னேன். உங்கப்பா அதுக்குக் கீழ கும்பிடு போட்டுட்டு, பக்கத்துல ஒரு பஸ் பொம்மையும் போட்டிருக்கார். ஏன்னு கேட்டா, "கார் கிடைக்கல"ங்கிறார்.

உனக்குக் கூசினா கூசட்டும். நான் நிறுத்தப் போறதில்ல. அடுத்த வீடியோவுக்கு 'க்ரஷ்' ரெண்டு தடவ வெச்சிருக்கேன், உனக்குன்னே.

ஞாயித்துக்கிழமை காரோட உங்க ஊருக்கு வர்றேன். வாசல்ல வந்து நில்லு. ஹாரன் அடிப்பேன். நீதான் ஓட்டப் போற. கடைத்தெருவுல ஆரம்பிப்போம், அன்னைக்கு விட்டுட்டுப் போன மாதிரி ஒரு தெருவுல.

பிரேக்குக்குப் பதில் கிடைச்சிடுச்சு. மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணலாம், ஆனா என் கால் என் பேச்சக் கேக்காது. உன் விஷயத்துல அது என்னைக்குமே கேட்டதில்ல. அதனால ரெண்டு காலையும் மடக்கி, சீட்டு மேலயே சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கிறேன். நீ ஓட்டு.

அம்மா